ஏழுமலை பொட்டு வைத்த புல்லாங்குழல்

கலை ஆசை என்பது வயிற்றுப் பிழைப்பு உறுதியான பிறகு வர வேண்டியது. எனக்கு வேலை நிரந்தரமாவதற்கு முன்பே வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் லேத் வேலை பழகும் அப்ரண்டிஸ். மெஷின் வந்த பெட்டியின் மரத்துண்டு ஒன்றைக் கடைந்து, துளை போட்டு, புல்லாங்குழல் என்று பெயர் வைத்தேன். (மரத்துக்கு அதில் கடைசிவரை சந்தேகம்தான்.) மண்ணூரில் வாடகை அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. கோளாறு உதட்டிலா, ஓட்டையிலா என்று புரியவில்லை. திடீரென்று ஒருநாள் சத்தம் வந்தது. எப்படி வந்தது என்பதும் புரியவில்லை. உடனே பச்சை மெஷின் பெயிண்ட் அடித்து, சிவப்பு டேப் சுற்றி, குஞ்சலமும் கட்டிவிட்டேன்.

வீட்டுக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஊதுகுழலு சோக்கா கீதுப்பா. அடுப்பாண்ட வெச்சா பெயிண்டு உருகிடாது?" என்று கேட்டார்.

ஆயுத பூஜை வந்தது. அது முடிந்ததும், யாரை நிரந்தரமாக்குவது என்று மேனேஜர் முடிவு செய்வார் என்று பேச்சு. அவர் கண்ணில் பட வேண்டுமே! பூஜையில் வாசிப்பதாகப் பெயர் கொடுத்தேன். குழலையும் கருவிகளோடு அடுக்கினேன். சந்தனக் கிண்ணத்தோடு சுற்றிக்கொண்டிருந்த சக அப்ரண்டிஸ் ஏழுமலையிடம், "மச்சி, இதுக்கும் பொட்டு வெச்சிடு" என்றேன்.

கற்பூரம் காட்டியானதும் என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளைவெளேர் சட்டையில் மேனேஜர் நேர் எதிரே நின்றார். ஏழுமலை குழலைக் கையில் திணித்தான். வித்வான்கள் கண்ணை மூடிக்கொள்வார்களே என்று நானும் மூடிக்கொண்டு ஊதினேன். சத்தமில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சைத் திரட்டி இன்னொரு ஊது. "ஐயோ!" என்று ஒரு குரல். (உருகுகிறார்கள் என்று நினைத்தேன்.)

கண்ணைத் திறந்தால், மேனேஜரின் மூக்கிலிருந்து சட்டைப்பை வரை குங்குமம். குழலைப் பார்த்தேன். ஓட்டை ஒன்றுகூட விடாமல் சந்தனம் அடைத்து, மேலே குங்குமம்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்க?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"வரிசையா ஓட்டை போட்டு வெச்சிருந்தியே. பொட்டு வெக்கத்தான் எடம் வுட்டுகீறன்னு நெனச்சேன் மச்சி!"

மேனேஜர் திட்ட வாயெடுத்தார். அதற்குள் அர்ச்சகர், "பூஜைக் குங்குமம் தானா வந்து விழுந்திருக்கு. தொடைக்கப்படாது சார்!" என்றார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் மேனேஜர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கடைசியில் ஒரு பொரிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "நீ போப்பா" என்றார். வீட்டுக்கா, வேலையை விட்டேவா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அந்த மாதமே வேலை நிரந்தரமாயிற்று. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் மனைவிக்குத் தெரியுமாம். வீட்டில் யார் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினாலும், நெற்றியில் குங்குமம் வைத்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். "அப்பா ஒரு ஊது ஊதட்டும், அப்புறம் போ." பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சட்டையைக் கையால் மறைத்துக்கொள்வார்கள். நானும் ஊதுகிறேன். இதுவரை யாருக்கும் வேலை கிடைக்காமல் போனதில்லை. அதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.