கிராணியார் வீட்டு ரப்பர் வடை

பெண்டாட்டியை ஏமாற்றிச் சிரிக்கத் தெரியாத இனம் முன்னேறியதாகச் சரித்திரமே கிடையாது. இந்தப் பேருண்மையை 1926இல் மலாயாவில் தாப்பாவுக்கு அடுத்த எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டுவந்த மகான், என் அக்காள் கெர்ட்ரூடின் புருஷன், ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஆம்புரோஸ். நான் அவருக்குக் கீழே சின்ன கிராணி. வெள்ளைக்காரர்கள் ஏப்ரல் முதல் தேதியில் வீட்டாரை முட்டாளாக்குவார்கள் என்று தோட்டத்து மானேஜர் துரை சொல்லியிருந்தார். வருஷத்துக்கு ஒரு நாள் போதாதென்று மச்சான் தினமும் கொண்டாடினார்.

அவருடைய தலைசிறந்த 'படைப்பு' ரப்பர் வடை. தோட்டத்து ரப்பர்ப் பாலை உறையவைத்து, உளுந்து வடைபோல் தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு, புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளோடு தொங்கவிடுவார். பொன்னிறமாக வரும். அக்காள் சுட்ட வடைகளோடு கலந்துவிட்டு, அவள் மெல்லுவதை எதிரே உட்கார்ந்து ரசிப்பார்.

"தீங்கில்லாத வெளையாட்டு லா, மச்சான். குடும்பத்துக்குள்ள பாசம் வளரும்," என்பார் என்னிடம்.

அக்காளுக்கு ஒரு பல் ஆடியது. பாசமும் வளர்ந்திருக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை அந்த வடையை அவருடைய டிபன் கேரியரிலேயே வைத்து அனுப்பிவிட்டாள்.

அன்று ஆபீசில் துரை முன்னிலையில் முக்கிய விசாரணை. மரம் சீவும் நல்லம்மாளின் கூடையில் எலுமிச்சம்பழம் அளவு ரப்பர் உருண்டை அகப்பட்டிருந்தது.

"என்னா இது?" என்றார் மச்சான்.

"மரத்துல காஞ்சு கெடந்த ஒட்டுப்பாலுங்க. புள்ள வெளையாட பந்து உருட்டுனேன்."

"தோட்டத்துச் சொத்துல வெளையாட்டா? திருட்டு லா இது. வேலைய விட்டுப் போவ வேண்டியதுதான்."

துரைக்கு அக்காள் சுடும் வடை என்றால் உயிர். தீர்ப்புக்கு முன் வழக்கம்போல் மச்சானுடைய கேரியரைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார். மறுபடியும் மென்றார். பிறகு அதை வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தார். நீண்டது. விட்டார், சுருங்கியது.

"கிராணி, இது யார் பால்?"

மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தார். "நம்ம தோட்டத்துப் பால்தாங்க துரை. சும்மா... வீட்டு வெளையாட்டு."

பெரிய கிராணியின் நாற்காலி எனக்குச் சரியாக இருக்குமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

துரை மேசை குலுங்கச் சிரித்தார். வடையைக் கைக்குட்டையில் பத்திரமாக முடிந்துகொண்டார். "நான் பங்களாவுக்குக் கொண்டு போறான். துரைசானி கடிக்கட்டும்."

பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு நல்லம்மாள் பக்கம் திரும்பினார். "திருட்டு. உனக்கு வேலை இல்லே." நீதி வழுவாத மனிதர்.

பாமர ஜனங்களுக்கு நாகரிகம் விளங்காது என்பதற்கு, போகும்போது அவள் மச்சானைக் கேட்ட கேள்வியே அத்தாட்சி.

"பந்தா உருட்டுனதுதான் தப்புங்களா, ஐயா? நடுவுல ஒரு ஓட்டை போட்டிருந்தா வெளையாட்டா ஆயிருக்குமா?"