சந்தேகத்தாரும் கடுகளவு குமிழியும்

சிட்னியில் சந்தேகத்தார் காது வைத்துப் பார்க்காத பொருள் கிடையாது. ரயில் பெட்டி, லிஃப்ட், கல்யாண மண்டபத்து ஏசி, பல் வைத்தியரின் துளைக்கும் கருவி என்று எது உறுமினாலும் மனுசன் தலையைச் சரித்து, கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "தம்பி, இது கனநாளைக்கு இல்லை" என்பார். ஒருமுறை பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தவர், குசினிக்குள் போய் ஃபிரிட்ஜில் காதை ஒட்டிவிட்டு என் மனைவியிடமும் அதே தீர்ப்பைச் சொன்னார். அவருக்கு இரண்டாவது தேத்தண்ணி கிடைக்கவில்லை. ஃபிரிட்ஜோ அதற்குப் பிறகு பதினொரு வருடம் ஓடியது.

அதுதான் அவருடைய பிரச்சினை. பத்துச் சந்தேகத்தில் ஒன்பது பொய்த்துப் போகும். அந்தப் பத்தாவதை யாரும் நம்பமாட்டார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். வரி, வங்கி, குடிவரவு என்று அவருடைய படிவங்களையெல்லாம் நிரப்பியவன் நான்தானே. ஆனால் லிட்கமில் நாங்கள் வேலை பார்த்த கராஜில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆள் அகப்படாது. அவர் அங்கே தலைமை மெக்கானிக். நான் உதிரிப்பாகக் கவுண்டரில் நின்றேன். முதலாளி டெரி, நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது. புல்வெட்டி, படகு எஞ்சின் இவற்றோடு ஸ்னோமொபைலும் விற்றோம். பனிமலை அங்கிருந்து ஆறு மணி நேர ஓட்டம். வெயிலில் காயும் லிட்கமில் பனியில் ஓடும் வண்டியை வைத்துப் பூட்டிக் கழட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், புத்தம் புதிய எஞ்சினோடு நாலு ஸ்னோமொபைல் வந்து இறங்கின. பளபளக்கும் விளம்பரத் தாளில், இனிமேல் பெற்றோலோடு எண்ணெயைக் கலக்கத் தேவையில்லை, தனித் தாங்கியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக எண்ணெய் தானே எஞ்சினுக்குப் போகும் என்று போட்டிருந்தது. நாலையும் பனிமலையின் மீட்புக் குழு வாங்கியிருந்தது. சறுக்கப் போய்க் காலை உடைத்துக்கொள்பவர்களை ஏற்றி இறக்குவதற்கு.

சந்தேகத்தார் முதல் வண்டியை ஓடவிட்டுக் காது கொடுத்தார். உதடு பிதுங்கியது.

"பின் சிலிண்டர் பசியிலை கிடக்குது தம்பி."

"எனக்கொண்டும் கேக்கேல்லையே அண்ணை."

"உமக்கு மனிசி கூப்பிட்டாலே கேக்காது."

அந்தக் கிழமையே வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து ஃபாக்ஸ் வந்தது. அங்கே இரண்டு எஞ்சின் இறுகி நின்றுவிட்டதாம். கம்பனியைக் கேட்டால், ஓட்டுபவர்கள் புது எஞ்சினைப் பழக்கிய முறை சரியில்லை என்கிறதாம். டெரி அதை வாசித்துவிட்டுக் குப்பைக்கூடைக்குள் போட்டார். சந்தேகத்தார் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

குளிரில் பரிசோதிக்க வேண்டும் என்றார். லிட்கமில் குளிருக்கு எங்கே போவது? பென்டில் ஹில்லில் எங்களுக்கெல்லாம் மீன் விற்கும் தூத்துக்குடிக்காரரிடம் பெரிய குளிர் அறை ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறுக்குளா மீனுக்கும் இறாலுக்கும் நடுவில் ஸ்னோமொபைலை ஏற்றி, புகை வெளியே போக நீளக் குழாய் பூட்டி, இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். எஞ்சின் அருமையாக ஓடியது. புகைக் குழாய்தான் நடுவழியில் கழன்று விட்டது. அந்தக் கிழமை ஊரே பெற்றோல் மணக்கும் மீன்குழம்பு சாப்பிட்டது. "அண்ணே, நீங்க நல்லா இருப்பீங்க, இனிமே என் கடைப் பக்கம் வந்துடாதீங்க" என்று மீன்கடைக்காரர் கைகூப்பினார்.

ஆனால் சூடான எஞ்சினை நிறுத்தி, அந்தக் குளிரிலேயே பத்து நிமிடம் விட்டபோது, சந்தேகத்தார் ஒன்றைக் கண்டுவிட்டார். எண்ணெய்க் குழாயில் ஒரு காற்றுக் குமிழி. கடுகளவுதான் இருக்கும்.

"இதுதான் ஆள். நிப்பாட்டித் திருப்பி ஸ்டார்ட் எடுக்கேக்கை இது வழியை மறிக்குது. எண்ணெய் போகாது. பின் சிலிண்டர் இறுகும். மீட்புக்காரன் என்ன செய்வான்? போவான், நிப்பாட்டுவான், ஆளை ஏத்துவான், திருப்பி எடுப்பான். விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. டெரிக்கு விளங்கவில்லை. ஒரு குமிழிக்காக நாலு வண்டியை வைத்திருப்பதா என்று குதித்தார். ஒப்படைப்புத் தாளில் தலைமை மெக்கானிக் கையெழுத்து இல்லாமல் வண்டி போகக்கூடாது. சந்தேகத்தார் பேனாவைத் தொடவே மாட்டேன் என்றார். வெள்ளி மூன்று மணிக்குள் கையெழுத்து வராவிட்டால் திங்கட்கிழமை அவருக்கு வேலை இல்லை என்று டெரி என்னிடம் சொல்லியனுப்பினார்.

வேலை போனால் அதோடு முடியாது. கொழும்பில் ஒரு வாடகை அறையில் அவருடைய மனைவியும் மகளும் ஆறு வருடமாகக் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடும் விண்ணப்பத்துக்கு டெரி கொடுக்கவேண்டிய வேலைக் கடிதம் கட்டாயம் வேண்டும். மகளை ஏழு வயதில் விட்டுவிட்டு வந்தவர். இப்போது அவள் எவ்வளவு உயரம் என்று கையைக் காற்றில் வைத்துப் பார்ப்பார், பிறகு கொஞ்சம் உயர்த்துவார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி போடுவேன். அவர் வாசிக்காமலே கீறிவிடுவார். வெள்ளிக்கிழமை மத்தியானம் விண்ணப்பக் கட்டாக ஏழு தாள்களை அவர் முன்னால் வைத்தேன். ஆறாவதாக ஒப்படைப்புத் தாளைச் செருகியிருந்தேன். அதிலும் குறி போட்டிருந்தேன்.

"பாத்துப் போடுங்கோ அண்ணை" என்றேன். என் மனச்சாட்சிக்கு நான் கொடுத்த லஞ்சம் அது.

"நீர் பாத்தால் நான் பாத்த மாதிரித்தானே" என்றபடி ஏழிலும் கையெழுத்துப் போட்டார். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகித்த மனிதர் அவர்.

திங்கட்கிழமை காலை அவர் வந்தபோது முற்றம் வெறுமையாகக் கிடந்தது. வண்டிகள் சனிக்கிழமையே லொறி ஏறிவிட்டன. டெரி முகமெல்லாம் சிரிப்பாக வந்து அவர் தோளில் தட்டி, கையெழுத்துப் போட்டதற்கு நன்றி என்றார். சந்தேகத்தாருக்கு அவ்வளவு இங்கிலீஷ் விளங்கும். அவர் டெரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"போனை எடும்" என்றார். "நான் சொல்லுறதை மட்டும் சொல்லும். ஒண்டும் கூட்டாதையும்."

மலையில் மீட்புக் குழுவின் ரேடியோ அறையில் ஒரு பெண் போனை எடுத்தாள். வண்டியை நிறுத்தினால் திருப்பி ஸ்டார்ட் எடுக்கவேண்டாம் என்று சொன்னேன். ஒரு வண்டி ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்றாள். மறுபக்கச் சரிவில் கால் முறிந்த ஒரு பெண்ணை ஏற்ற நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது எடுத்தால் இருமிவிட்டு நிற்கிறதாம். ஒரு மணி நேரத்துக்குள் பனிப்புயல் வரப்போகிறது. அது வந்தால் கையை நீட்டினால் கை தெரியாது.

நான் தமிழிலும் இங்கிலீஷிலும் சொல்லச் சொல்ல டெரியின் முகம் வெளுத்தது. போய்க் கம்பிரசரை நிறுத்தினார். கராஜே அடங்கியது.

"ஸ்டார்ட் எடுக்கிற கயிறு இழுக்க இறுக்கமோ எண்டு கேளும்."

கேட்டேன். ரேடியோவில் கேட்டுச் சொன்னாள், கொஞ்சம் இறுக்கம்.

"கொஞ்சமெண்டால் இன்னும் சாகேல்லை. இனி ஒருத்தரும் கயிற்றிலை கை வைக்கப்படாது. பின் சிலிண்டர் பிளக்கைக் கழட்டச் சொல்லும். அதுக்குள்ளை, வண்டியிலை கிடக்கிற எண்ணெய்ப் போத்திலாலை அஞ்சு துளி. கயிறை மெதுவா ரண்டு தரம் இழுத்துப்போட்டுப் பிளக்கைப் பூட்டட்டும். பிறகு அதே எண்ணெயைப் பெற்றோல் தாங்கிக்குள்ளையும் ஊத்தச் சொல்லும்."

"எவ்வளவு அண்ணை?"

"பழைய காலத்து அளவு. அவையின்ரை சூப் ஃபிளாஸ்க் மூடியாலை ஒரு கோப்பை."

சொன்னேன். அவள் ரேடியோவில் சொன்னாள். அங்கே கையுறையைக் கழற்றிவிட்டுப் பிளக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்றாள். விரல் விறைத்துப்போய்ப் பிளக் ஒருமுறை பனிக்குள் விழுந்துவிட்டதாம். நான் அதைத் தமிழில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே சந்தேகத்தார், "துடைச்சுப் பூட்டட்டும்" என்றார். சுவரில் மணிக்கூடு ஓடும் சத்தம் எனக்குக்கூடக் கேட்டது.

எஞ்சின் பிடித்துவிட்டது என்றாள். சந்தேகத்தார் போனை என் கையிலிருந்து பிடுங்கினார். "மைக், எஞ்சின், நியர்" என்று அவரே இங்கிலீஷில் கத்தினார். மலையில் ஒருவர் ரேடியோவை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்க, அந்தப் பெண் போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் பிடிக்க, லிட்கமில் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஸ்டூலில் சந்தேகத்தார் தலையைச் சரித்துக் கண்ணை மூடினார்.

"ஓடப்படாது. எண்ணெய் கலந்த பெற்றோல் சிலிண்டருக்கு வரோணும், அஞ்சு நிமிசம் நிண்ட இடத்திலை உறுமட்டும்."

மொழிபெயர்த்தேன். புயல் தெரிகிறது, புறப்படவா என்று கேட்கிறார்கள் என்றாள். நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மூன்றாவது நிமிடம் மறுபடியும் கேட்டாள். டெரி அவருடைய முழங்கையைப் பிடித்தார். சந்தேகத்தார் அசையவில்லை. அவர் கழுத்தில் வியர்வை ஓடியது. இவர் காது இன்றைக்கும் பொய்த்துப்போனால் இரண்டு பேரை நான் கொன்றவன் ஆவேன்.

"வந்திட்டுது" என்றார் கண்ணைத் திறக்காமலே. "பின் சிலிண்டர் சாப்பிடுது. போகச் சொல்லும். வழியிலை எங்கையும் நிப்பாட்டப்படாது."

அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் போன் அடிக்கவில்லை. ஒருவரும் ஒரு ஸ்பானரைக்கூடத் தூக்கவில்லை. அடித்தபோது டெரிதான் பாய்ந்து எடுத்தார். வந்து சேர்ந்துவிட்டார்கள். பின்னால் பத்து நிமிடத்தில் புயல் மலையை மூடிவிட்டதாம். டெரி நாற்காலியில் பொத்தென்று இருந்தார். பிறகு உள்ளே போய், தட்டெழுத்து இயந்திரத்தில் இரண்டு விரலால் வேலைக் கடிதத்தைத் தானே அடித்துக்கொண்டு வந்தார். நாலு வண்டியும் திரும்பி வந்தன. அடுத்த வருட மாடலில் தடித்த குழாய் பூட்டி வந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சந்தேகத்தார் அந்தக் குழாயையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் ஸ்டேஷனில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, அந்தத் தாளை நான்தான்..."

"தெரியும்."

"உங்கடை வேலைக்காகத்தான்..."

"அதுவும் தெரியும்" என்றவர், ரயில் வந்ததும் வேறு பெட்டியில் ஏறினார்.

தண்டனை சனிக்கிழமை தொடங்கியது. மிச்சப் படிவங்களைக் கொண்டு போனபோது, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியில் விரலை வைத்தார். "இதென்ன சொல்?" சொன்னேன். "இது?" சொன்னேன். கேள்விகளுக்கு மட்டுமில்லை, அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகக் குறிப்புக்கும் அர்த்தம் கேட்டார். எட்டுப் பக்கத்துக்கு மூன்று சனிக்கிழமை போனது. நடுவில் நான் எரிச்சல்பட்டபோதெல்லாம், "அவசரமெண்டால் போம்" என்பார். நான் போகவில்லை.

அடுத்த கோடையில் அவர்கள் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் மகள் அவரைவிட உயரமாக வந்து நின்றாள். மனுசன் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒதுங்கி நின்ற என்னைக் காட்டி, "இவர் ஆர்?" என்று கேட்டார்.

சந்தேகத்தார் தலையைச் சரித்து என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"எங்கடை தம்பி. ஒருக்கா இறுகிப்போனவர். முழுக்கக் கழட்டிப் பூட்டியிருக்கிறன். இனி இவரை நம்பி எவ்வளவு தூரமும் போகலாம்."

நான் அவர்களுடைய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வேகமாக முன்னால் நடந்தேன். அழுதுகொண்டு நடப்பதை அந்த மனுசன் பார்த்தால் அதற்கும் காது வைத்துப் பார்ப்பார்.