கரடியார் புற்றில் ஒரு பணி மனநிறைவு ஆய்வு

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. முன்பு இருந்தது, ஓய்வு பெற்றுப் போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கே ராஜா கிடையாது, மேலாளர்கள்தான். ராஜாவுக்குப் பசித்தால் ஒரு உறுமல் உறுமிவிட்டுத் தின்பார். மேலாளர்களுக்கு அந்தப் பழக்கமில்லை. அவர்கள் உறுமுவதே இல்லை.

அந்தக் காட்டில் கோமதி என்று ஒரு கீரிப்பெண் இருந்தாள். அவள் வீட்டில் எல்லாருக்கும் பாம்போடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. "நாங்கதான் கடிபட்டுச் சாகுறோம், நீயாவது நிழல்ல உக்காந்து சம்பாதி" என்று அப்பா அவளைக் காட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அவள் எடுத்தது தொழில் உளவியலில் மேற்படிப்பு. சேர்ந்த நாள் முதல் அக்கம்பக்கத்துத் தொல்லை தாங்க முடியவில்லை.

"சைக்காலஜியா? அப்ப என் மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லு பாப்போம்" என்றது காட்டுப்பன்றி.

"அது இல்ல மாமா. வேலை செய்யிற எடத்துல ஆளுங்க மனசு எப்படி இருக்குன்னு படிக்கிறது."

"ஓ, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குறதா?"

"இல்ல மாமா, வேலைக்குப் போறவங்களுக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே புள்ள" என்று சொல்லிவிட்டுக் காட்டுப்பன்றி கிழங்கு தோண்டப் போய்விட்டது.

கோமதிக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் உலகநாதன். அவர் ஓர் உடும்பு. ஒரு மாணவரைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். அவரிடம் சேர்ந்த ஆமை ஒன்று இன்னும் இரண்டாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. ஆமைக்கே பொறுமை போய்விட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வு செய்ய ஓர் இடம் வேண்டும். தேன்கூட்டில் கேட்டாள், கொட்டித் துரத்தினார்கள். எறும்புகள் "நாளைக்கு வாங்க" என்றன, எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை. கிழக்குச் சரிவில் இருந்த பெரிய கறையான் புற்றின் மேலாளர் மட்டும் தாமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் பெயர் கரியமாணிக்கம், கரடி. கறையான் புற்றுக்குக் கரடி எப்படி மேலாளர் ஆனார் என்று கேட்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

"என்னத்தம்மா சொல்றது? பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன்" என்றார் கரடியார். "ஆனா ஆளு நிக்க மாட்டேங்குது. நேத்து இருந்தவன் இன்னைக்கு இல்ல. சொல்லாமக் கொள்ளாமப் போயிடுறாங்க. பக்கத்துப் புத்துல வேற நம்மளப் பத்தி என்னென்னவோ பேசுறாங்க, புதுசா ஒருத்தரும் வேலைக்குச் சேர வரல. ஏன்னு கண்டுபிடிச்சு, சீல் வச்சு ஒரு ரிப்போர்ட் குடுத்திடு. உனக்கும் பட்டம் கிடைச்ச மாதிரி ஆச்சு."

சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. வாயைத் துடைத்துக்கொண்டார். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

கோமதி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கால்தான். அது ஆடுவதை நிறுத்தியது. கரடியார் நாக்கை நீட்டி அதையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவள் ஒரே ஓட்டமாக வழிகாட்டியிடம் வந்தாள்.

"சார், ஆராய்ச்சியே தேவையில்ல சார். கறையான்கள் எங்கயும் போகல. அவர்தான் தின்னுடுறார்."

உடும்பார் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "யார் சொன்னா?"

"நானே பாத்தேன் சார்."

"நீ பார்த்தா அது வதந்தி. நூறு பேர் டிக் போட்டாத்தான் அது தரவு."

"அப்ப என்ன சார் செய்யட்டும்?"

"கேள்வித்தாள்ல ஒரு கேள்வி சேத்துக்கோ. விஞ்ஞானத்துல ஒளிவுமறைவே கூடாது" என்று சொல்லி அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

கோமதி சேர்த்தாள். சம்பளம் போதுமா, காற்றோட்டம் உண்டா, மேலாளர் மரியாதையாகப் பேசுகிறாரா என்ற கேள்விகளுக்கெல்லாம் கடைசியில், அச்சடித்த எழுத்தில், "உங்கள் மேலாளர் உங்களை எப்போதாவது தின்றிருக்கிறாரா?" என்று கேட்டிருந்தது. பக்கத்தில் நான்கு கட்டங்கள்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். கீழே, "உங்கள் பெயர் ரகசியமாக வைக்கப்படும்" என்று ஓர் உறுதிமொழி.

புற்றில் இருந்த அத்தனை கறையான்களும் வரிசையில் நின்று பதில் எழுதின. யோசித்துத்தான் எழுதின. சில தங்கள் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டன. பிறகு ஒன்று விடாமல் "ஒருபோதும் இல்லை" என்பதில் டிக் போட்டன. பொய் ஒன்றும் சொல்லவில்லை பாவம்.

வடக்குக் கூடத்தில் மட்டும் ஒருத்தி தாளை வைத்துக்கொண்டு தயங்கினாள். அவள் பெயர் வெள்ளச்சி. கறையானுக்கு ஆறு கால் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு மூன்றுதான் இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகம். ஒரு தடவைதான் தின்னாரு. அதுவும் பாதிதான். அப்ப 'எப்போதாவது'ன்னு போடலாமா?"

கோமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தப்பிச்சீங்க?"

"அவருக்கு மேல முன்பல்லு ரெண்டு கெடையாதுல்ல? எங்கள உறிஞ்சுறதுக்கு வசதியா அந்த எடம் ஓட்டையா இருக்கும். அது வழியா வெளிய விழுந்துட்டேன். காலு மூணும் உள்ள மாட்டிக்கிச்சு."

"மத்தவங்ககிட்டச் சொல்லலையா?"

"சொல்லாம இருப்பேனா? 'நீதான் உசுரோட இருக்கியே, அப்புறம் என்ன'ங்கிறாங்க. நொண்டி புலம்புறான்னு சிரிக்கிறாங்க." வெள்ளச்சி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க படிச்சவங்க. நீங்க எழுதி அச்சுல வந்தா நம்புவாங்க. ஒரு வரி போதும் மேடம். எல்லாரும் மூட்டையக் கட்டிக்கிட்டு மேற்குச் சரிவுக்குப் போயிடுவோம். என் தங்கச்சி இப்பத்தான் முட்டையிலருந்து வந்திருக்கா. எழுதுவீங்களா?"

"கண்டிப்பா எழுதுறேன்" என்றாள் கோமதி. மனதாரத்தான் சொன்னாள். அதைச் சந்தேகப்பட வேண்டாம்.

முடிவுகளைப் பார்த்த உடும்பாருக்கு ஏக சந்தோஷம். வெள்ளச்சியின் தாளைக் கண்டதும் முகம் சுண்டியது.

"இது என்ன, கூட்டத்துல கோவிந்தா போடாம? எல்லாரும் ஒரு பக்கம், இது ஒண்ணு மட்டும் ஒரு பக்கம். இது விலகல். தூக்கிப் போடு."

"சார், தின்னப்பட்டவங்கள்ல பதில் சொன்னவ இவ ஒருத்திதான் சார். மத்தவங்க..."

"மத்தவங்க பதில் சொல்லலைன்னா அது அவங்க அலட்சியம். இத வச்சுக்கிட்டா உன் முடிவு கோணும். முடிவு கோணினா நீயும் ஆமை பக்கத்துல உக்கார வேண்டியதுதான்."

கோமதி ஆமையைப் பார்த்தாள். ஆமை அவளைப் பார்த்து, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தது.

அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாம்பைப் பிடரியில் கடிக்கத் தெரிந்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஓர் உடும்பிடம் 'முடியாது' என்று சொல்ல வாய் வரவில்லையே என்று தன்னையே வெறுத்தாள். ஆனால் படித்தவர்களுக்கு என்று ஒரு வழி எப்போதும் இருக்கும். அதற்கு அடிக்குறிப்பு என்று பெயர். செய்யவும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். ஆய்வேட்டின் பின்பகுதியில், பொடி எழுத்தில், இப்படி எழுதினாள்:

"பதிலளித்தவர்களில் ஒருவர் (பெண், வடக்குக் கூடம், மூன்று கால்கள்) மேலாளர் தம்மை எப்போதாவது தின்றதாகத் தெரிவித்தார். ஏனைய பதில்களோடு ஒத்துப்போகாமையால் இது கணக்கில் கொள்ளப்படவில்லை."

பெயரைப் போடவில்லை. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா, அதில் மிகவும் கவனமாக இருந்தாள். எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

ஆய்வேட்டின் ஒரு பிரதி பேராசிரியருக்குப் போனது. அவர் அட்டையில் தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மூடி வைத்தார். ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது. அங்கே போனது எதுவும் திரும்பியதில்லை. ஒரு பிரதியைக் கோமதியே தூக்கிக்கொண்டு போய்ப் புற்று வாசலில் வைத்தாள். இதைப் படித்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்று நம்பினாள்.

கறையான்கள் அதைப் பிரித்தன. அட்டையில் ஆரம்பித்து, நன்றியுரையையும் முன்னுரையையும் ருசி பார்த்துச் சாப்பிட்டன. அடிக்குறிப்புக்கு வருவதற்குள் வயிறு நிறைந்து, மிச்சத்தைக் கூட்டுச் சுவருக்குப் பூசிவிட்டன. "நல்ல ஆராய்ச்சி, லேசா செரிக்குது" என்று அவளிடம் பாராட்டு வேறு.

கடைசிப் பிரதி கரடியாருக்குப் போனது. அந்த ஆய்வேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே ஜீவன் அவர்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு அவரே வெளி நிபுணராக வந்திருந்தார். முறைப்படி கேள்விகள் கேட்டார், தலையாட்டினார். கடைசியில், "எல்லாமே பிரமாதம். அதுலயும் அந்த அடிக்குறிப்பு இருக்கே, அதுதாம்மா ஆராய்ச்சி! எவ்வளவு துல்லியம்!" என்றார். சொல்லிவிட்டு நாக்கால் பல் இடுக்கைத் துழாவினார். மேல்வரிசையில் அந்த இரண்டு பல் இல்லாத இடத்தில் இப்போது ஒரு சின்னத் தக்கை வைத்து அடைத்திருந்தது.

பட்டம் பெற்றாள் என்று அறிவித்தது காதில் விழாமல் கோமதி கிழக்குச் சரிவுக்கு ஓடினாள். வடக்குக் கூடத்தில் வெள்ளச்சி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு குட்டிக் கறையான் மண் உருட்டிக்கொண்டிருந்தது.

"உங்க அக்கா எங்கம்மா?"

"தெரியல மேடம். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா."

கோமதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். உண்மையாகவே அழுதாள். உடும்பார் வந்து தேற்றினார். "எதுக்கு அழற? முன்னாடி ஒரு விலகலை நீக்கிட்டுக் கணக்குப் பாத்தோம். இப்ப நீக்காமலே முடிவு சரியா வருது. எத்தனை ஆராய்ச்சிக்கு இந்தக் கொடுப்பினை கிடைக்கும்?" கரடியார் வேலை நியமன உத்தரவை நீட்டினார். ஊழியர் நல அதிகாரி, நிழலில் உட்காரும் வேலை. அப்பா முகம் கண்ணுக்குள் வந்தது. கோமதி அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டாள்.

சீல் வைத்த அறிக்கை காடெங்கும் ஒட்டப்பட்டது. பக்கத்துப் புற்றுகளிலிருந்து கறையான்கள் வேலைக்குச் சேர வரிசை கட்டி வந்தன. வரிசையில் முதலில் நின்றது துறுதுறுவென்று இருந்தது. அது கோமதியின் மேஜைமேல் ஏறி மெல்லக் கேட்டது: "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. இங்க மேலாளர் ஆளத் தின்னுடுவாராமே, நெசமா?"

கோமதி வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு, படித்த படிப்பு கைகொடுத்தது.

"நான் சொல்றது எதுக்கு? உள்ள வேலை செய்யிறவங்களையே கேட்டுக்கோங்க" என்றாள்.

அது புற்றுக்குள் தலையை நீட்டிக் கேட்டது. உள்ளேயிருந்து ஆயிரம் குரல் ஒன்றாக வந்தது: "ஒருபோதும் இல்லை!"

அதில் வெள்ளச்சியின் தங்கை குரலும் இருந்தது.

நீதி: கரடி யாரையும் தின்பதில்லை. ஐயமுள்ளோர், தின்னப்படாதவர்களைக் கேட்டுத் தெளிக.