சித்திரை வெயிலில் ஸ்வெட்டர்

ஊரை விட்டு நகராமலே உலகத்தின் அத்தனை நாட்டிலும் குடியிருந்த ஒரே மனிதர் எங்கள் ‘ஸ்வெட்டர்’தான்.

கோரிமேட்டில் பாய் வீட்டு மாடியில் நாங்கள் இருவரும் ஒரே அறை. இரண்டு பேருமே பொறியியலில் பிஎச்.டி. முடித்துவிட்டு, ஏதாவது வெளிநாட்டு ஆய்வகத்தில் போஸ்ட்டாக் என்னும் தற்காலிக ஆய்வு வேலை கிடைக்காதா என்று விண்ணப்பம் போட்டுப் போட்டு ஓய்ந்தவர்கள். நான் போட்டதும் படுத்துவிடுவேன். அவரோ போட்ட அன்றே அந்த நாட்டுக்காரராகிவிடுவார்.

ஜப்பானுக்குப் போட்டால் பால்காரருக்குக்கூட இடுப்பை வளைத்துத்தான் வணக்கம். “இன்னா சார், முதுகு புடிச்சிக்கிச்சா?” என்று பால்காரர் பதறினார். ஃபின்லாந்துக்காரர்கள் அதிகம் பேச மாட்டார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, பதில் வரும்வரை என்னிடம் வாயே திறக்கவில்லை. அவர்கள் மறுத்தபோது, சத்தியமாக, நான் சந்தோஷப்பட்டேன்.

குளிருக்குப் பழகுகிறேன் என்று அக்னி நட்சத்திரத்திலும் மெரூன் கலர் ஸ்வெட்டர் வேறு. வீட்டுக்கார பாய்க்கே பொறுக்கவில்லை.

“ஏன் தம்பி, இந்த வெயில்ல கம்பளி?”

“திடீர்னு கூப்ட்டா இன்னா பண்றது பாய்? பழகிக்கிறேன்.”

“கூப்ட்டா பொட்டில வெச்சி எடுத்துட்டுப் போயேன். பாக்குற எனக்கே வேர்க்குது.”

ஆனால் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பிஎச்.டி. முடித்துச் சில வருடங்களுக்குள் சேர்ந்தால்தான் உண்டு. தாண்டிவிட்டால் பெரும்பாலான இடங்களில் கதவே திறக்காது. பஞ்சாலை மூடிய பிறகு ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்த ஸ்வெட்டரின் அப்பா ஒருநாள் போனில் கேட்டார்: “இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கியாப்பா?”

“முடிச்சிட்டேம்பா. இது அதுக்கு மேல.”

“அதுக்கு மேல இன்னாதாம்பா இருக்குது?”

அன்றைக்கு ஸ்வெட்டர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

கடைசியாக அவருக்கு ஒரே ஒரு வீடியோ நேர்காணல் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆராய்ச்சி. ஆய்வகம் இருந்ததோ வளைகுடாப் பாலைவனத்தில். ஆனாலும் ஸ்வெட்டர் போடாமல் இவருக்கு இங்கிலீஷ் வராது! சத்தம் கேட்கக்கூடாதென்று ஃபேனை நிறுத்தினோம். கீழே பாய், குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தச் சொல்லிவிட்டார். வேர்வை தாடையில் சொட்டச் சொட்ட மனுஷன் பதில் சொன்னார்.

பேராசிரியர் கடைசியில் கேட்டேவிட்டார்: “உங்கள் ஊரில் அவ்வளவு குளிரா?”

“இல்லை ஐயா, கொளுத்துகிறது. எந்த நாடு கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டுமே என்று பழகிக்கொண்டிருக்கிறேன்.”

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கைவைத்தேன். அந்தப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் வேலை வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று ஸ்வெட்டரை என் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினார்.

“எனக்கு எதுக்குண்ணா இது?”

“நீயும் கெளம்பத்தானடா போற. பழகிக்கோ.”

இன்றைக்கு எனக்கு நேர்காணல். என் கெடுவும் முடியப்போகிறது. வெளியே சித்திரை வெயில். ஃபேனை நிறுத்திவிட்டு அந்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். புழுங்கித் தள்ளுகிறது. ஆனாலும் பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.