ஏசிக் கதவும் அக்காவின் கலியாணமும்

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவனுக்கெல்லாம் மின்சாரம் தெரியும் என்று நான் நம்பிய ஒரு காலம் இருந்தது. என்னிடம் மல்ட்டிமீட்டர் இருந்ததுதான் அதற்குக் காரணம். பம்பலப்பிட்டியில் ஆறு மாதம் கார் வயரிங் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தேன். (சோதனையில் முன்னால் இருந்தவனுக்குப் பெரிய எழுத்து.)

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு, கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அதற்கு முன் வந்த மூன்று சம்பந்தமும் குழம்பிப்போனதில் அம்மாவுக்கு நித்திரையே இல்லை. மாப்பிள்ளையின் தாய்க்கு பிரஷர், வெக்கை ஒத்துவராது. ஆகவே மாமாவின் ஜப்பான் காரில் ஏசியைப் போட்டு, பெற்றோரை நான் கூட்டி வருவதென்று முடிவாயிற்று. மாப்பிள்ளை கந்தோரில் வேலை முடிந்து நேரே வருவார்.

முதல் நாள் பார்த்தால் ஏசி சூடாக ஊதியது. டாஷ்போர்டுக்குள் 'டிக், டிக்' என்று சத்தம் வேறு. சூட்டுக்காற்றையும் குளிர்காற்றையும் பிரிக்க உள்ளே ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதைத் திருப்புவது அக்சுவேட்டர் என்ற குட்டி மோட்டார். மீட்டரை வைத்துப் பார்த்தேன்.

"மோட்டாருக்குக் கரண்ட் வரேல்லை மாமா."

"கரண்ட் வராமல் அது எப்பிடியடா சத்தம் போடுது?"

மாமா வங்கியில் வேலை செய்தவர். அவருக்கு இதெல்லாம் விளங்காது என்று விட்டுவிட்டேன். (மீட்டரின் குமிழ் தப்பான இடத்தில் நின்றதைப் பிறகுதான் கண்டேன்.)

மோட்டாரின் பிளக்கைக் கழற்றினேன். ரேடியோவுக்குப் போடும் சதுர பற்றரி ஒன்றிலிருந்து சிவப்பு வயர் ஒன்றும் கறுப்பு வயர் ஒன்றும் இழுத்து அதற்கு நேரே கொடுத்து, எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் சுற்றி டாஷ்போர்டுக்குக் கீழே கட்டினேன். கதவு குளிர்ப் பக்கம் போய் முட்டியது. அதற்கு மேல் போக இடமில்லாததால் டிக் டிக் இன்னும் உரத்தது. குளிர் வந்ததல்லவா, நான் வேறொன்றையும் யோசிக்கவில்லை. அந்தக் கொழும்பில், எங்கள் பெயர்களை வைத்துக்கொண்டு, அப்படி ஒன்றைக் கட்டிய காரில் காலி வீதியில் போகத் துணிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாப்பிள்ளையின் அப்பா தெற்கே சிங்கள ஊர்களில் இருபது வருடம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாமல் பின்சீட்டில் ஏறினார். மாப்பிள்ளையின் அம்மா முன்சீட்டில் இருந்தார்.

"நல்ல குளிர் தம்பி. அதென்ன சத்தம்?"

"மணிக்கூடு அன்ரி."

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் செக்பொயின்ட். அடையாள அட்டைகளைப் பார்த்த ஆமிக்காரன் தலையை உள்ளே விட்டான். அப்படியே நின்று காது கொடுத்தான். என்ன சத்தம் என்று சிங்களத்தில் கேட்டான். நான் வாய் திறக்குமுன் அன்ரி உதவிக்கு வந்தார். தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் ஒன்றை எடுத்து, "ஒரலோசுவ" என்றார். மணிக்கூடு.

அவன் குனிந்தான். வயரைக் கண்டான். மெதுவாக மூன்று அடி பின்னால் போய்த் துவக்கைத் தூக்கிக் குறி வைத்தான்.

வீதியை மறித்தார்கள். எங்கள் மூவரையும் நடைபாதையில் இருத்தினார்கள். பிரஷர்க்கார அன்ரி நடு வெயிலில் இருந்தார். மறித்த பஸ்களில் இருந்த சனமெல்லாம் எங்களையே பார்த்தது. "ஏசி. தொர. பொடி தொர," என்று நான் சின்னக் கதவை விளக்கிக்கொண்டிருந்தேன். அது எந்த வீட்டுக் கதவு என்று அதிகாரி கேட்டார்.

கடைசியில் கார் வேலை தெரிந்த ஒரு சார்ஜன்ட் வந்தார். ஏற்கெனவே காரின் பற்றரியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவர் என் வயர்களைப் பிடுங்கி எறிந்து, பழைய பிளக்கை மாட்டி, காரின் பற்றரியைத் திரும்ப இணைத்தார். மோட்டார் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை ஓடித் தன் இடத்தைப் பிடித்தது. சத்தம் இல்லை. ஏசி ஐஸாக ஊதியது. பத்து நிமிடம் பற்றரியைக் கழற்றி வைத்திருந்தாலே தீர்ந்திருக்கும். ஆறு மாதப் படிப்பால் முடியாததை ஆமி செய்து முடித்தது.

ஆனால் அதிகாரிக்கு மனம் ஆறவில்லை. என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. விசாரணைக்கு ஜீப்பில் ஏற்றப் போவதாகச் சொன்னார். அப்படிப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரம் எனக்கு அக்காவின் கலியாணம் நினைவிலேயே இல்லை.

அதிகாரி ஸ்டேசன் மாஸ்டரிடம் திரும்பி, இவன் உனக்கு யார் என்று கேட்டார்.

ஒரு மணித்தியாலத்துக்கு முன்தான் கண்டேன் என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானும் குறை நினைத்திருக்க மாட்டேன். அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"மகே லேலிகே மல்லி."

என் மருமகளின் தம்பி. அவர் அதுவரை அக்காவின் படத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். அதிகாரி என் அட்டையைத் திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பதற்றத்தோடு தேத்தண்ணியை நீட்டினார். "முதல்ல பிள்ளையைப் பாருங்கோ. பிறகு யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிக்க ஒண்டும் இல்லை," என்றார் ஸ்டேசன் மாஸ்டர். "ஆமிக்குச் சொல்லியாச்சு. இனி மாத்தேலாது."

அத்தானுக்கு இன்றைக்கும் அது ஒரு குறை. தான் கந்தோரிலிருந்து வந்து சேருமுன்பே தன் கலியாணம் நடுறோட்டில் முடிந்துவிட்டதாம், தன்னை ஒருவரும் கேட்கவில்லையாம். சண்டை வந்தால் இதைத்தான் முதலில் எடுப்பார். அக்கா கறிச்சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லுவா:

"அந்த ஒபிசரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கோ."