தூங்குமூஞ்சிக் கிளையும் தூக்கு வண்டியும்

அந்தக் கிளையை வெட்டியே தீருவது என்று சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மாலை ஐந்தேமுக்கால் மணிக்கு முடிவெடுத்தேன். ஆரணியில் எங்கள் தெருவுக்கு முதன்முதலில் டி.வி. வாங்கியவன் நான். எண்பத்தாறாம் வருஷம். எதிரே நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். டி.வி.யில் கதாநாயகி பாடிக்கொண்டிருந்தாள். பாட்டுக் கேட்டது, ஆளைக் காணோம். திரை முழுக்க மழை.

எதிர்வீட்டு வேணுகோபால் எழுந்து வேட்டியை உதறினார்.

"ரேடியோ நல்லா கீது பலராமா. டி.வி. எப்ப வாங்கப்போற?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

தப்பு டி.வி.யின் மேல் இல்லை. வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் பெரிய கிளை தெருவுக்கும் என் ஓட்டுக் கூரைக்கும் மேலே கவிந்து, ஆன்டெனாவை மறைத்துக்கொண்டு நின்றது.

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம படம் பளிச்சுன்னு தெரியும்! தெரியலைன்னா டி.வி.யத் தூக்கி உன் ஊட்லயே வெச்சுடறேன்!" என்று கத்தினேன்.

தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்த என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றே கவனித்திருக்க வேண்டும். அவள் பெயர் அபிதகுசாம்பாள். முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டு முடிப்பதற்குள் என் கோபம் ஆறிவிடும். அதற்காகவே அப்படிப் பெயர் வைத்தார்களோ என்னவோ.

கூட்டம் போனதும் வேர்க்கடலைத் தோலைப் பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "தெருவுல ரெண்டு தூங்குமூஞ்சி கீது. மரம் நெழலாச்சும் தருது."

மறுநாள் மார்க்கெட் முனையில் எனக்கு விடிவு தெரிந்தது. தெருவிளக்கு மாட்டுகிற லாரி. அதன் முதுகில் மடங்கி நீளும் இரும்புக் கை, நுனியில் ஒரு தொட்டி. ஆள் ஏறி நின்றால் விசையை அழுத்தியதும் அப்படியே வானத்துக்குத் தூக்குகிறது. டிரைவர் ஜெயவேலிடம் பேசினேன். காலை ஆறிலிருந்து எட்டுவரை வண்டி சும்மாதான் நிற்கும், செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்றான்.

வீட்டுக்கு வந்து மார்தட்டினேன்.

"தூக்கு வண்டி வருது!"

"தூக்கா? பேரே நல்லா இல்லியேங்க."

"நிமிஷத்துல கெளைய வெட்டி எறக்கிடும்."

"எதுக்குங்க அந்த பேஜாரு? படவேட்டு சடையப்பண்ணன் இடுப்புல கயித்தக் கட்டிகினு ஏறினாருன்னா அர மணி வேல. ஒரு ஓடு ஒடையாது."

அவள் வலது என்றால் நான் இடது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே சுதந்திரம் அது. தெருவில் இறங்கி நின்று பத்துப் பேர் கேட்கப் பேசினேன். கயிறு கட்டி மரமேறுவது குரங்கு வேலை, மனிதன் சந்திரனுக்கே போய்விட்டான், இனி மரத்துக்கும் மெஷினில்தான் போகவேண்டும் என்றேன். அவள் வாசலில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதையும் கவனித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வண்டி தெருமுனைக்கு வந்தது. வந்து அங்கேயே நின்றது. தெரு நெடுக மூன்று வீட்டுப் பாவு. தறியில் ஏற்றவேண்டிய பட்டு நூலைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, இருபுறமும் பெண்கள் நின்று சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டரை வரை சைக்கிள்கூடப் போகமுடியாது. யார் வீட்டுப் பாவு என்றைக்குத் தெருவில் போடுவது என்று முறை வைப்பது என் மனைவி. தெருவே அவள் பேச்சைத்தான் கேட்கும்.

"இன்னா அபிதா இது?"

"மூணு ஊட்லயும் அவசரம்னாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

வெள்ளிக்கிழமை வண்டி மறுபடி வந்தது. அன்றைக்கு ஐந்து வீட்டுப் பாவு. ஜெயவேல் தலையை வெளியே நீட்டினான்.

"பட்டு மேல டயர ஏத்தினா, இவங்க என் மேல ஏறிடுவாங்க சார். ஆள வுடுங்க."

நானே ஏறினால் என்ன என்று ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் நின்று அண்ணாந்து பார்த்தேன். தலை சுற்றியது. இறங்கிப் படவேட்டுக்கு பஸ் பிடித்தேன்.

சடையப்பன் கிணற்றடியில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"சடையப்பா, ஒரு கெள வெட்டணும்."

"கொரங்கு வேலைக்கு மனுசன ஏன் கூப்புடறீங்க?"

"யார் சொன்னது?"

"உங்க ஊட்டம்மாதான். ரேணுகாம்பா கோயிலாண்ட பாத்தேன். 'எங்க ஊட்டுக்காரரு இப்பிடிச் சொல்லிட்டாருண்ணே'ன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. தங்கமான மனுசி."

"நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"கொரங்கு தன் இஷ்டத்துக்குத்தான் மரமேறும். எனக்கு இஷ்டமில்ல."

திரும்பி வர மூன்று மணி நேரம் பஸ் இல்லை. ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையே அலுத்துப் போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் அபிதாவைக் கேட்டேன்: "அவராண்ட ஏன்டி சொன்ன?"

"தெருவுல நின்னு நீங்க சொன்னதத்தானே சொன்னேன்? ஒரு வார்த்த கூட்டிச் சொன்னேனா?"

கூட்டவில்லை. அதுதான் கொடுமை.

கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மானம் போகப்போகும் நாள். கதவைத் திறந்தேன். தெருவில் ஒரு நூல் இல்லை. துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அடுத்த நிமிஷம் லாரிச் சத்தம். ஜெயவேல் ஓட்டிவர, பக்கத்தில் தோளில் கயிற்றோடு சடையப்பன்!

"அபிதா! ரெண்டு பேருமே வந்துட்டாங்க!" என்று துள்ளினேன்.

"தெரியுங்க. நான்தான் வரச்சொன்னேன்."

வண்டி என் வாசலுக்கு வராமல், எதிர்ப்பக்கம் ஒதுங்கி வேணுகோபால் வீட்டின் முன்னால் நின்றது. அது மாடிவீடு. சடையப்பன் மட்டும் இறங்கி வந்து மரமேறினார். நான் வெட்டச் சொன்ன அதே கிளையில் கயிற்றைக் கட்டி, அதில் தொங்கிக்கொண்டு, ஒரு ஓட்டைக்கூட மிதிக்காமல் என் ஆன்டெனாவைக் கழற்றினார். ஜெயவேல் விசையை அழுத்த, இரும்புக் கை தெருவின் குறுக்கே நீண்டு வந்தது. சடையப்பன் ஆன்டெனாவோடு தொட்டிக்குள் இறங்கி, வேணுகோபால் மொட்டைமாடிக்கும் மேலே போய், ஒரு நீளக் கம்பத்தில் அதை நட்டார். கயிறும் மெஷினும் அண்ணன் தம்பிபோல் வேலை செய்தன. முழுதாகப் பதினைந்து நிமிஷம் ஆகவில்லை.

"அபிதகுசாம்பா! இன்னாடி நடக்குது இங்க?"

"படம் தெரியலைன்னா அவங்க ஊட்ல வெக்கிறேன்னு நாப்பது பேரு முன்னால வாக்குக் குடுத்தீங்களே. அதக் காப்பாத்தறேன்."

"கெளைய வெட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமே!"

"அந்தக் கெளைக்குக் கீழதான் தெனம் காலைல ரெண்டு மணி நேரம் நாங்க பாவுல நிக்கறோம். நீங்க உள்ள தறியில ஃபேனப் போட்டுகினு குந்திகினு கீறீங்க. வெயிலு யாருக்கு?"

"மொதல்லியே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா மறுநாளே கோடாலிய எடுத்திருப்பீங்க."

உண்மைதான். எடுத்திருப்பேன். வெட்கமாகக்கூட இருந்தது. டி.வி.யை நானே தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் வைத்தேன்.

மாலையில் நாற்பது பேரும் அங்கே. வேணுகோபாலின் மனைவி கற்பகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். வேணுகோபால், பாவம், வேர்க்கடலைத் தோலைப் பெருக்க விளக்குமாற்றைத் தேடிக்கொண்டிருந்தார். படம் அவ்வளவு பளிச்சென்று தெரிந்தது. கதாநாயகியின் மூக்குத்திக் கல்லை எண்ணலாம்போல் இருந்தது. என் டி.வி. என்ற பெருமையில் முன்வரிசையில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பின்னால் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் வேர்க்கடலையோடு என் மனைவி உட்கார்ந்திருந்தாள். டி.வி. வாங்கிய நாளிலிருந்து அவள் உட்கார்ந்து படம் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இன்னாங்க," என்றாள். "கொஞ்சம் குனிஞ்சிக்கோங்க. உங்க தல மறைக்குது."