மீனுக்குக் கீழே ஒரு வரி

மலைக்குடில்,
புனித வெள்ளி, பிற்பகல்.

அன்பும் அறிவும் ஒலிவாங்கியும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவளும், ஓஸ்லோ மாநகரப் பெண்குலத்தின் ஞானவிளக்குமாகிய என் அருமை மருமகள் மாரெனுக்கு,

உன் தாய்மாமன் ஹால்வோர், கடல்மட்டத்திலிருந்து ஆயிரத்து நாற்பது மீட்டர் உயரத்திலும் பொறுமையின் கடைசிப் படியிலும் நின்றுகொண்டு எழுதுவது. இவ்விடம் நலமில்லை. அவ்விடம் நீ நலமாக இருப்பதாக வாராவாரம் உன் பாட்காஸ்டில் நீயே சொல்லிக்கொள்கிறாய். அந்த நலத்தால் வந்ததுதான் இந்த நலமின்மை என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். கைபேசியில் திட்டலாம் என்றால் சிக்னலுக்கு எதிர் மேட்டில் ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். ஆற விட நான் தயாராக இல்லை.

போன அக்டோபரில் என்னிடம் இந்தக் குடிலின் சாவி கேட்டாய். "மாமா, நாங்க மூணு பேர்தான், ரெண்டே நாள், படிப்போம், நடப்போம், மூச்சு விடுவோம், அவ்வளவுதான்" என்றாய். மூச்சு விடவா நூற்றெண்பது கிலோமீட்டர் வண்டியோட்டி வருகிறாய், ஓஸ்லோவில் காற்று தீர்ந்துபோய்விட்டதா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். பாசம் கண்ணை மறைத்தது, சாவியை நீட்டிவிட்டேன். வந்தீர்கள், மூச்சு விட்டீர்கள், அடுத்து வருபவருக்கு விறகு பிளந்து அடுக்கி வைத்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போகும்போது குடில் புத்தகத்தை உன் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாயே, அடுக்குமா? யார் வந்து தங்கினாலும் தேதி, வானிலை, பனியில் சறுக்கிய தூரம், பிடித்த மீன் எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும், அந்தப் புத்தகம் வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். வைக்கிங்குகள் மடாலயங்களைக் கொள்ளையடித்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். அவர்கள்கூட எவன் குடில் புத்தகத்தையும் தொட்டதில்லை.

சரி, போகட்டும். "மூச்சு விடு, பக்கம் புரட்டு" என்ற உன் நிகழ்ச்சியின் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. புத்தகத்தைப் பற்றியும் மனநலத்தைப் பற்றியும் பெண்கள் கூடிப் பேசட்டும், வளரட்டும், என் புகைபோக்கிக்கு மேலும் வளரட்டும். ஆனால் இந்த மாதத்துப் புத்தகமாக என் குடில் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு, இந்த மாதத்து விருந்தினராக என் மனைவி தோர்டிஸையே உட்கார வைத்தாயே! அதைவிடக் கொடுமை, இரண்டையும் கேள்விப்பட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீன்பிடிப்பைப் பற்றிய என் எழுத்து ஒருவழியாக இலக்கியமாகிவிட்டது என்று நினைத்து, நான் கேட்பதற்கு முன்பே, பதினான்கு பேரிடம் என் வாயாலேயே "தவறாமல் கேளுங்கள்" என்று சொல்லி வைத்தேன். கேட்டார்கள். பதினான்கு பேரும் கேட்டார்கள். அவர்கள் பெண்டாட்டிமாரும் கேட்டார்கள்.

மறுநாள் கடைக்குப் போகிறேன். இறைச்சிப் பகுதியில் நிற்கும் பெண் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்குகிறாள். பெட்ரோல் போடும் இடத்தில் பக்கத்துக் குடில்காரன் ஒட்வார், டிராக்டரிலிருந்து இறங்காமலே கேட்கிறான்: "என்னப்பா ஹால்வோர், இன்னிக்கும் சாசேஜ்தானா?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து உன் நிகழ்ச்சியைக் கேட்டேன். மாரென், நான் எழுதியதை நீ என்னமாய்ப் படித்தாய்! 'ஈஸ்டர் சனி. வானம் தெளிவு. மைனஸ் ஆறு. டிரவுட், ஏழு கிலோ இருநூறு. தூண்டில் கயிறு இருமுறை அறுந்தது. போராட்டம் ஒன்றரை மணி நேரம்.' எனக்கே புல்லரித்தது. அடுத்த நொடி, "அதுக்குக் கீழ, பென்சில்ல, பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு" என்றாய். 'இரவு உணவு: சாசேஜ்.' அடுத்த ஆண்டு என் ஒன்பது கிலோ டிரவுட். கீழே, 'இரவு உணவு: சாசேஜ். தொட்டுக்கொள்ளும் கடுகு தீர்ந்துவிட்டது.' அதற்கும் சில ஆண்டுகள் கழித்து, பனிக்கட்டியில் போட்ட துளைக்குள் தலை நுழையாததால் கோடரியால் துளையைப் பெரிதாக்கி வெளியே எடுக்க வேண்டியிருந்த அந்த மகாமீன். கீழே, 'இரவு உணவு: காய்ந்த ரொட்டி. சாசேஜும் தீர்ந்துவிட்டது.'

முப்பத்து நான்கு ஆண்டுகள், மாரென்! தோர்டிஸின் அந்தப் பென்சில் வரி ஒருமுறைகூட என் கண்ணில் பட்டதில்லை. அந்தப் புத்தகத்தில் நான் எழுதியதை மட்டும்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். நல்ல எழுத்தைப் படிக்கும்போது மற்றதெல்லாம் கண்ணில் படுமா? அதோடு விட்டீர்களா? உன் தோழி, மூச்சுக்குப் பாடம் எடுக்கும் அந்தப் பெனெடிக்டே, கோயில் மணி மாதிரி குரலை இழுத்து, "இவர் மீனைப் பத்தியே எழுதல, தன்னைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடறார்" என்றாளே, அவளை யார் கேட்டது? அவள் வாழ்நாளில் ஒரு மீனின் கண்ணை நேருக்கு நேர் பார்த்திருக்கிறாளா?

பிறகு நீ தோர்டிஸிடம் திரும்பி, "அத்தை, இந்த ஈஸ்டருக்கு உங்களுக்கே உங்களுக்குன்னு ஒண்ணு கேட்டா, என்ன கேப்பீங்க?" என்றாய். பதினோரு நொடி மௌனம். நான் கடிகாரம் வைத்து மூன்று தடவை அளந்தேன், பதினோரு நொடி. அந்தப் பதினோரு நொடியில் நான் என்னென்னவோ எதிர்பார்த்தேன்: புதுச் சறுக்குக்கட்டை, கிரேக்க நாட்டுப் பயணம், நல்ல கடுகு. அவள் சொன்னாள்: "ஒரு கொலைக்கதை. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். கொலைகாரன் யாருன்னு யாரும் சொல்லாம நானே கண்டுபிடிக்கணும்." மூன்று பெண்களும் ஏன் அப்படிச் சிரித்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஈஸ்டர் என்றால் ஆரஞ்சு, சாக்லேட், கொலைக்கதை. இது நம் நாட்டு வழக்கம். வாங்கி வந்த கதையை நான் முதலில் படிப்பேன், ஏனென்றால் நான் வேகமாகப் படிப்பவன். படித்ததும் கொலைகாரன் யாரென்று அவளிடம் சொல்லிவிடுவேன், ஏனென்றால் அவள் முந்நூறு பக்கம் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என் மனம் தாங்காது. இதற்குப் பெயர் அன்பு. உன் நிகழ்ச்சியில் இதற்கு வேறு ஏதோ பெயர் வைத்தீர்கள்.

அதன் விளைவைக் கேள். புதன்கிழமை காலை சாமானையெல்லாம் கட்டிச் சறுக்குவண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவள் வீட்டுச் செருப்போடு நிற்கிறாள்.

"கிளம்பலயா?"

"இல்ல."

"தோர்டிஸ், ஈஸ்டர்."

"தெரியும்."

"மலை காத்துக்கிட்டிருக்கு."

"அது எங்கயும் போயிடாது. நீ போயிட்டு வா."

"நீ எப்ப வருவே?"

"கதை முடிஞ்சா யோசிக்கறேன்."

"எந்தக் கதை?"

"அதத்தான் உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. நான் தன்னந்தனியாக, வட துருவம் போன வீரர்கள் எல்லோரும் சேர்ந்து பட்ட பாட்டை ஒருவனே பட்டுக்கொண்டு, எதிர்காற்றில் ஒன்பது கிலோமீட்டர் வண்டியை இழுத்து வந்து சேர்ந்து, தீப்பெட்டியைத் தேடினால் இல்லை, ஏனென்றால் தீப்பெட்டி எடுத்து வைப்பது எப்போதும் அவள். ஒட்வாரிடம் கடன் வாங்கி அடுப்பு மூட்டினால் புகைபோக்கித் தகட்டைத் திறக்க மறந்திருக்கிறேன், ஏனென்றால் அதைத் திறப்பதும் அவள். கலைமான் தோலால் புகையை விசிறி விரட்டிவிட்டுப் பசியோடு உணவுப் பையைத் திறந்தால், ஆட்டுக்கால் இல்லை, ஆரஞ்சு இல்லை, பழுப்புச் சீஸ் இல்லை. புத்தகம்! பை மாறிவிட்டது. நீ அவளுக்குக் கொடுத்த அத்தனை புத்தகங்களும்: தன்னை நேசி, மெதுவாக நட, வேண்டாம் என்று சொல், ஆறு புத்தகம், எல்லாமே கெட்டி அட்டை. ஏழாவதாக அடியில், பழுப்புத் தாளில் பொதிந்து, ஒரு கொலைக்கதை. அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு. பென்சில், பொடி எழுத்து: 'ஹால்வோர் கண்ணில் படக் கூடாது.'

ஆக நிலவரம் இதுதான். அவள் வீட்டில் ஆட்டுக்காலோடு இருக்கிறாள், புத்தகம் இல்லை. நான் இங்கே புத்தகத்தோடு இருக்கிறேன், ஆட்டுக்கால் இல்லை. கடைகளெல்லாம் செவ்வாய்க்கிழமை வரை சாத்திக் கிடக்கும். ஆண்டவன் என் பக்கம்தான் இருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நேற்று முழுவதும் வேறு வேலையில்லாமல் அந்த ஆறையும் கோபத்தோடு படித்தேன். ஒரு வரிகூட எனக்குப் பொருந்தவில்லை. இன்று காலை ஏரிக்குப் போய்த் துளை போட்டுத் தூண்டிலை இறக்கிவிட்டு, இந்த மூச்சுப் பித்தலாட்டத்தை அம்பலப்படுத்தியே தீருவது என்று பெனெடிக்டே சொன்னபடி நாலு எண்ணி உள்ளே இழுத்தேன், நாலு எண்ணி நிறுத்தினேன், நாலு எண்ணி விட்டேன். அரைமணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இது நார்வே வரலாற்றில் முதல் தடவை. அப்போது கடித்தது, மாரென்! ஏரி குலுங்கியது. பனிக்கட்டி கரையிலிருந்து கரைவரை விரிசல் விட்டது. அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பின் வெளியே வந்தது பதினோரு கிலோ டிரவுட், என் தொடை கனம், முகத்தில் ஒரு பாதிரியாரின் சாயல். நான் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடிலைப் பார்த்து, "தோர்டிஸ்! ஓடி வா! வந்து பாரு!" என்று கத்தினேன்.

மலை மூன்று முறை அதையே திருப்பிச் சொன்னது. வேறு யாரும் சொல்லவில்லை.

புரிகிறதா நீ செய்த அநியாயம்? வாழ்நாளின் மீன் கையில் இருக்கிறது. எழுதப் புத்தகம் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. எடை பார்க்கத் தராசு எடுத்துவரக் குடிலுக்குள் போய்த் திரும்புவதற்குள் நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. மதியம் ஒட்வார் ஒரு பொட்டலத்தோடு வந்தான். பதினோரு கிலோ பிடித்த கதையை அவனிடம் சொன்னேன்.

"மீன் எங்க?"

"நரி கொண்டுபோயிடுச்சு."

"பதினோரு கிலோவையா?"

"ரெண்டு நரி."

அவன் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகவே மருமகளே, என் இறுதி எச்சரிக்கை. குடில் புத்தகம் இம்மாத முடிவுக்குள் இங்கே சுவரில் அதன் ஆணியில் தொங்க வேண்டும். அடுத்த நிகழ்ச்சியில் நீயும் பெனெடிக்டேயும் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு கேட்டால் செல்லாது. அதுவரை பிணையாக இந்தக் கொலைக்கதை என்னிடம் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தைப் படித்து, கொலைகாரன் பெயரை முதல் பக்கத்தில் கட்டைவிரல் தடிமன் எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டு தோர்டிஸுக்கு அனுப்பப் போகிறேன். பேனா திறந்தே இருக்கிறது.

உன் ஒலிவாங்கிக்குத் துருப்பிடிக்கட்டும் என்று சபிக்க வாய்வரைக்கும் வந்தது. தாய்மாமனாகப் பிறந்து தொலைத்தேன். ஆகவே நீடூழி வாழ்க, நிறையப் படி, அளவாக மூச்சு விடு. உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். பெனெடிக்டேக்கு ஒன்றும் சொல்லாதே.

இங்ஙனம்,
ஆறாத கோபத்துடன்,
மூன்று மலைக்கும் ஓர் ஏரிக்கும் முடிசூடா மன்னன்,
உன் மாமா ஹால்வோர்.

பி.கு. (இரவு): நாளைக் காலை ஒட்வார் கீழே போகிறான். இந்தக் கடிதத்தைத் தபாலிலும், புத்தகப் பையைத் தோர்டிஸின் கையிலும் சேர்ப்பான். கொலைக்கதையை இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்வரை படித்தேன். அங்கே நிறுத்தி, மீதியைத் தூண்டில் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டேன்; முடிச்சைப் பார்த்தாலே நான் அவிழ்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தோட்டக்காரன் மேல் சந்தேகம், ஆனால் அதை அவளிடம் சொல்லாதே. யாரென்று அவள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், அவசரமில்லை. குடில் புத்தகத்தை என்னிடம் கொண்டுவர வேண்டாம், அவளிடமே கொடு. கூடவே ஒரு புதுப் பென்சிலும். இன்றைய தேதியில் எழுத வேண்டியதை, அவள் இல்லாததால், நானே கீழே எழுதிவிடுகிறேன், அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்.

புனித வெள்ளி. வானம் தெளிவு. மைனஸ் நான்கு. டிரவுட், நானூறு கிராம் இருக்கலாம். கை நழுவித் துளைக்குள்ளேயே விழுந்துவிட்டது. நரி எதுவும் வரவில்லை.

இரவு உணவு: சாசேஜ்.